வானிலை நிலையம் வாங்குமுன்: அதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. விடிந்ததும் செல்பேசியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊருக்கு 22 மி.மீ. மழை என்று ஆப் சொன்னது. சரி, நான்கு நாளைக்கு மோட்டார் போட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனேன். மழைமானியைத் திறந்து அளவுக்குவளையில் ஊற்றினால் 6 மி.மீ.தான் இருந்தது. நம்ப முடியாமல் சின்ன வெங்காயப் பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடை ஈரம், அதற்குக் கீழே புழுதி. மூன்று கிலோமீட்டர் தள்ளி, கிழக்கே இருக்கும் தோட்டத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடியிருக்கிறது.

ஆப் பொய் சொல்லவில்லை. அது சொன்ன எண் என் தோட்டத்தில் அளந்த எண்ணே அல்ல, அவ்வளவுதான். பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குக் கணினி போட்ட கணக்காக இருக்கும். இல்லையென்றால் தூரத்து நிலையம் ஒன்றின் அளவாக இருக்கும். மழைக்குக் கட்டம் தெரியாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் அதே நேரத்தில் 69 செ.மீ. மாவட்டமே வெள்ளத்தில் மிதந்த ஒரு மழைக்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இவ்வளவு வித்தியாசம் என்றால், சாதாரண இடிமழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சொந்தமாக ஒரு வானிலை நிலையம் வேண்டும் என்று பலரும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். தேடுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது “எந்த கம்பெனி நல்லது?” என்பதைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேட்கலாம். எதை முடிவு செய்ய இந்த அளவு வேண்டும், கருவியை எங்கே நிறுத்த இடம் இருக்கிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கருவி தானாகவே அமைந்துவிடும்.

வானிலை நிலையம் என்ற பெயர் பெரிதாகக் கேட்டாலும் விஷயம் எளிது. வெளியில் சில சென்சார்கள் மழை, வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, சிலவற்றில் சூரிய ஒளி ஆகியவற்றை அளக்கும். அந்த அளவுகள் ரேடியோ அலையில் வீட்டுக்குள் இருக்கும் ஒரு டிஸ்ப்ளேவுக்கு வரும். அங்கிருந்து வைஃபை வழியாகவோ, சிம் வழியாகவோ இணையத்துக்குப் போகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் மழைமானியில் தொடங்கி லட்சத்தைத் தொடுகிற நிலையங்கள் வரை இருக்கின்றன.

எதற்காக அளக்கிறோம்

வீட்டுக்கு என்றால் பெரும்பாலும் ஆசைக்காகத்தான் வாங்குகிறோம். அது நல்ல காரணம்தான், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. தினமும் காலையில் மழையை அளந்து நோட்டில் எழுதும் பிள்ளைக்குப் பருவமழை என்ற சொல்லே வேறு மாதிரி புரியும். பயனும் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. மழைநீர்த் தொட்டி கட்ட நினைப்பவருக்கு இந்த ஒரு கணக்கு போதும். வீட்டுக்கு ஒரு மழைமானி, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் ஒரு கருவி, இந்த இரண்டும் இருந்தால் நிறைவு. நெருக்கமான தெருவில் காற்றுவேகமானிக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது சுவரில் மோதிச் சுழலும் காற்றைத்தான் அளக்கும்.

தோட்டத்தில் கேள்விகள் வேறு. இன்றைக்குத் தண்ணீர் விட வேண்டுமா? அதற்கு மழையும், செடி எவ்வளவு நீரை இழக்கிறது என்ற கணக்கும் வேண்டும். இன்றைக்கு மருந்து அடிக்கலாமா? அதற்குக் காற்று. நோய் வருமா? அதற்கு ஈரப்பதமும் இரவு வெப்பமும். நீலகிரியில் கேரட்டோ தேயிலையோ வைத்திருப்பவருக்கு டிசம்பர், ஜனவரியில் உறைபனிதான் கவலை. அவருக்குத் தரையை ஒட்டிய வெப்பநிலை வேண்டும். ஏனென்றால் தெளிந்த, அசைவற்ற இரவில் ஆள் உயரத்தில் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்லின் மேல் உறைபனி படிந்துவிடும். இப்படி உங்கள் கேள்வி எதுவோ அதற்கான சென்சாரில் பணத்தைப் போடுங்கள். மற்றது சும்மா வந்தால் வரட்டும்.

மழை: முதலில் இதை மட்டும் வாங்கினாலும் போதும்

எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்றைக்கும் மழையை உழவில்தான் சொல்வார்கள். “ராத்திரி உங்க பக்கம் எத்தன உழவுங்க?” என்று டீக்கடையில் கேட்பார்கள். ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழை. பஞ்சாங்கத்தில் வருடத்துக்கு எத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கும். இரண்டும் அளவைகள்தான். மண்ணை வைத்துச் சொல்கிற உழவு அளவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் செம்மண்ணில் ஒரு உழவு என்பதும் கரிசலில் ஒரு உழவு என்பதும் ஒன்றல்ல. மில்லிமீட்டர் எல்லா மண்ணுக்கும் பொது.

ஒரு மி.மீ. மழை என்றால், ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு சென்ட்டில் 40 லிட்டர், ஒரு ஏக்கரில் 4,047 லிட்டர். மூன்று மி.மீ. தூறினாலே உங்கள் ஏக்கரில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று வந்து கொட்டிவிட்டுப் போனது போல.

சாதாரண மழைமானி என்பது ஒரு புனலும் ஒரு பாத்திரமும்தான். நேர்ச்சுவர் உள்ள எந்தப் பாத்திரத்தையும் திறந்தவெளியில் வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மி.மீ. கணக்கு. வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும் வாளியில் இந்தக் கணக்கு ஒத்துவராது.

தானியங்கிக் கருவியில் பெரும்பாலும் சாயும் வாளி இருக்கும். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகையை விரல் நீளத்துக்குச் சுருக்கி, இரண்டு முனையிலும் ஒரு சிறு கிண்ணம் வைத்தது போல. புனலிலிருந்து சொட்டும் நீர் ஒரு கிண்ணத்தில் நிறையும். நிறைந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்து கொட்டிவிடும். அடுத்த கிண்ணம் புனலுக்கு நேராக வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைக் கடக்கும். பல கருவிகளில் ஒரு சாய்வு 0.2 மி.மீ. நாள் முழுவதும் 30 சாய்வு என்றால் 6 மி.மீ. எளிமையான, நம்பகமான அமைப்பு. குறை என்னவென்றால், கொட்டோ கொட்டென்று கொட்டும்போது, வாளி சாய்ந்துகொண்டிருக்கும் அந்த நொடியில் விழுகிற நீர் கணக்கில் சேராது. பெருமழையில் அளவு கொஞ்சம் குறைந்தே காட்டும்.

இப்போது அசையும் பாகமே இல்லாத மழை சென்சாரும் வருகிறது. துளி மேலே வந்து மோதும் அதிர்வை வைத்து அளக்கும். குப்பை அடைக்காது என்பது பெரிய வசதி. ஆனால் நுண்ணிய சாரலைத் தவறவிடும். கம்பம் காற்றில் ஆடினால் பெய்யாத மழையைக் காட்டும் வாய்ப்பும் உண்டு. ஆடி மாதத்துச் சாரலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்து வருகிற எங்கள் பக்கத்துக்கு நான் சாயும் வாளியைத்தான் சொல்வேன்.

வாங்கிய கருவி சரியாக அளக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். புனலின் விட்டம் 20 செ.மீ. என்றால் வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. அப்படியானால் 314 மில்லி தண்ணீர் என்பது 10 மி.மீ. மழை. ஒரு பாட்டிலில் அதை எடுத்து, மூடியில் ஊசித்துளை போட்டு, புனலின் மேல் கவிழ்த்துக் கட்டுங்கள். அடிப்பக்கத்திலும் காற்றுப் போக ஒரு துளை வேண்டும். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கட்டும். டிஸ்ப்ளேயில் 10-க்கு அருகில் வந்தால் சரி. 8 என்றோ 12 என்றோ வந்தால் கருவி மட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சீசா சாய்ந்து நின்றால் எப்படிச் சரியாக ஆடும்? மட்டமாக இருந்தும் தப்பினால், பல கருவிகளில் திருத்த எண் போட வசதி இருக்கிறது.

இன்னொன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8:30-லிருந்து மறுநாள் காலை 8:30 வரை. செவ்வாய் மாலை பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் வரும். உங்கள் டிஸ்ப்ளே நள்ளிரவில் பூஜ்யத்துக்குப் போகும். செய்தித்தாள் அளவோடு ஒப்பிட்டு, என் கருவி கோளாறு என்று நினைப்பவர்கள் பலர். கருவி சரிதான், நாள்தான் வேறு. கையால் அளப்பவர்கள் 8:30-ஐயே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே கம்பத்தில் எல்லாம் என்பதில் உள்ள சிக்கல்

மூன்று வருடத்துக்கு முன் நான் வாங்கிய முதல் நிலையம் எல்லாம் ஒரே தலையில் இருப்பது. மேலே காற்றுக் கிண்ணங்கள், நடுவில் மழைப்புனல், கீழே வெப்பமும் ஈரப்பதமும். சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், சிமெண்ட் மாடி மேல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு மாட்டினோம். விற்றவர் அங்கேதான் வைக்கச் சொன்னார், உயரமாகவும் இருந்தது. சித்திரையில் மதியம் அது 43 டிகிரி காட்டியது. தென்னை நிழலில் கட்டியிருந்த சாதாரண வெப்பமானி 37-க்கு மேல் போகவில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றைத் தொட்டி மறைத்ததால், தென்னை மட்டைகள் பிய்த்துக்கொண்டு ஆடும்போதும் கருவியில் காற்று ஓரிலக்கத்திலேயே நின்றது. ஒரு வருடம் முழுக்க நான் அளந்து வைத்ததெல்லாம் அந்த சிமெண்ட் தளத்தின் வானிலை. தோட்டத்தின் வானிலை அல்ல. அந்த எண்களை நம்பி எத்தனை நாள் தேவையில்லாமல் தண்ணீர் விட்டிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் தாராளமாகக் கிடந்த வருடம் அல்ல அது.

பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். மூன்று சென்சாரும் மூன்று விதமான இடம் கேட்கின்றன.

மழைமானி தாழ்வாக இருக்க வேண்டும். நம் நாட்டில் அதன் வாய் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். உயரம் கூடக் கூடக் காற்று பலமாகும். புனலைச் சுற்றி வீசும் காற்று துளிகளை வெளியே தள்ளிவிடும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். 15 மீட்டர் தென்னை என்றால் 30 மீட்டர்.

வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை, புல்தரை அல்லது வெறும் மண்ணின் மேல் இருக்க வேண்டும். வெயில் அதன் மேல் நேராகப் படவே கூடாது, அதே சமயம் காற்று தாராளமாக நுழைய வேண்டும். அரசு நிலையங்களில் நான்கு பக்கமும் சாய்சட்டம் வைத்த வெள்ளை மரப்பெட்டி பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. இன்றைய சிறு கருவிகளில் அதற்குப் பதிலாக வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள், இட்லித் தட்டு அடுக்கு மாதிரி. கருவி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தத் தட்டுகளைத்தான். எத்தனை தட்டு, இடைவெளி போதுமா, தட்டு வெளியே நன்றாக நீண்டிருக்கிறதா? இரண்டு மூன்று சின்னத் தட்டோடு நிறுத்திய கருவி நம் ஊர் வெயிலில், காற்றில்லாத மதியத்தில் சில டிகிரி கூடுதலாகக் காட்டும். உள்ளே சிறு மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்கும் மாடல்களும் உண்டு. விலை கூட, ஆனால் வெப்பநிலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் கொடுக்கலாம்.

காற்றுக்கு உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் 10 மீட்டர். பயிரின் நீர்த்தேவைக் கணக்குக்கு 2 மீட்டர் உயரக் காற்றையே எடுப்பார்கள். ஆகவே தோட்டத்துக்கு 2 மீட்டர் தாராளமாகப் போதும். எந்த உயரத்தில் வைத்தீர்கள் என்பதை ஆப்பில் சரியாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இப்போது யோசியுங்கள். 30 செ.மீ., ஒன்றரை மீட்டர், பத்து மீட்டர்: இந்த மூன்றையும் ஒரே தலையில் வைத்தால் ஏதாவது ஒன்றுக்காவது அநியாயம் நடந்தே தீரும். பணம் இருந்தால் மழைமானியையும் காற்றுவேகமானியையும் தனித்தனியாக நிறுத்தக்கூடிய மாடலை வாங்குங்கள். ஒரே தலைதான் கட்டுப்படியாகும் என்றால், தோட்டத்தின் திறந்த நடுப்பகுதியில், மண்ணின் மேல், இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள். அதற்கு அடியிலேயே ஒரு பிளாஸ்டிக் மழைமானியையும் தரையோடு வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நகரத்து வீட்டுக்காரருக்கு மொட்டைமாடியைத் தவிர வேறு வழியில்லை. அப்படியென்றால் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி மாடியின் நடுவில், தளத்திலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஏசி வெளிப்பெட்டி பக்கத்தில் மட்டும் வேண்டாம். வெப்பநிலை கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மழை அளவு ஓரளவு சரியாகவே வரும்.

ஈரப்பதமும் ஈடியும்

ஈரப்பதம் 95 சதவீதம் என்று காலையிலும் 50 சதவீதம் என்று மதியத்திலும் பார்த்துவிட்டு, ஈரம் எங்கே போனது என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை. சூடான காற்றுக்கு நீராவியைப் பிடித்துவைக்கும் திறன் அதிகம். 22 டிகிரியில் நூற்றுக்கு நூறு நிறைந்திருக்கும் அதே காற்றைத் துளி நீர் சேர்க்காமல் எடுக்காமல் 33 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 52 சதவீதம்தான். அண்டாவைப் பெரிதாக்கினால் அதே தண்ணீர் பாதியாகத் தெரிவது போல.

ஆகவே நோய் பார்ப்பவருக்கு நாள் சராசரி ஈரப்பதம் ஒன்றும் சொல்லாது. 90 சதவீதத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதே கணக்கு. பிரிட்டனில் உருளைக்கிழங்கின் இலைக்கருகலுக்கு இப்படி ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: தொடர்ந்து இரண்டு நாள், வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 6 மணி நேரம் ஈரப்பதம் 90-க்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. நம் பயிருக்கும் இடத்துக்கும் எண்கள் மாறும். அதை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். மணிக்கணக்கைச் சேர்த்து வைக்கிற கருவி உங்களிடம் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இது மேல்.

ஈரப்பத சென்சார்தான் இருப்பதிலேயே சீக்கிரம் தேய்வது. சில வருடத்தில் அளவு நகர்ந்துவிடும். தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், சமையலறை உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி இருக்கும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சென்சாரையும் அந்த மூடியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி ஒரு ராத்திரி விடுங்கள். உப்பு சென்சாரில் படக்கூடாது. காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி 5 குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். வெயில், காற்று, வெப்பம், ஈரப்பதம் நான்கையும் சேர்த்து, நிலமும் பயிரும் ஒரு நாளில் எவ்வளவு நீரை ஆவியாக விடுகின்றன என்று கணக்கிடலாம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பென்மன்–மான்டீத் முறைதான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் புழங்குகிறது. ஆப்பில் ஈடி (ET) என்று வருவது இப்படிக் கணக்கிட்ட நீரிழப்புதான். நம் சமவெளியில் மேகமூட்டமான மழைக்காலத்தில் 3 மி.மீ. அளவில் இருக்கும், கோடையில் 6-ஐத் தாண்டும். ஒரு நாள் 5 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். இளம் பயிருக்கு இதில் பாதிகூட வேண்டாம். இலை மூடிய பயிருக்கு ஏறக்குறைய முழுவதும் வேண்டும்.

இப்போது அந்த ஐப்பசி மழையை வைத்துப் பாருங்கள். 22 மி.மீ. பெய்திருந்தால் நான்கு நாள் தண்ணீர். 6 மி.மீ. என்றால் ஒரு நாளைக்கும் கொஞ்சம் மேல், அதிலும் இலையிலும் மேல்மண்ணிலும் நின்று ஆவியாகிப் போனது கொஞ்சம். மறுநாளே சொட்டுநீரைத் திறந்தேன். ஆப்பை நம்பியிருந்தால் காய் பெருக்கும் நேரத்தில் வெங்காயம் மூன்று நாள் காய்ந்திருக்கும்.

ஈடி வேண்டுமென்றால் சூரிய ஒளி சென்சார் உள்ள கருவியாகப் பாருங்கள். அது இல்லாமல் ஆப் காட்டும் ஈடி ஓர் ஊகம்தான். இவ்வளவு செலவு முடியாது என்பவர்களுக்கு மண் ஈர சென்சார் ஒன்றிரண்டு வேர் ஆழத்தில் வைப்பது இன்னும் நேரான வழி. உண்மையில் பல தோட்டங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காற்று, அழுத்தம்

வைகாசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் ஓடும். அந்த மாதங்களில் மருந்து அடிப்பதற்கு விடிகாலை இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எத்தனை மணிக்குக் காற்று ஏறுகிறது என்பதை ஒரு பருவம் பதிவு செய்துவிட்டால் ஆளை எப்போது வரச் சொல்வது என்பது தெரிந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: துளிக் காற்றும் இல்லாத தெளிந்த விடியலும் மருந்துக்கு நல்லதல்ல. தரையோடு குளிர்காற்று தேங்கியிருக்கும். நுண்துளி கீழே இறங்காமல் மிதந்து, எங்கேயோ போய் விழும். இலை லேசாக அசைகிற காற்று வேண்டும்.

காற்றழுத்தத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். உயரம் ஏற ஏற அழுத்தம் குறையும், ஏறக்குறைய எட்டு மீட்டருக்கு ஒரு மில்லிபார். சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் கருவி உண்மையில் அளப்பது 965-க்குப் பக்கத்தில். செய்தியில் சொல்லும் 1,010 கடல்மட்டத்துக்கு மாற்றியது. கருவியை நிறுவும்போது உங்கள் உயரத்தை ஒரு முறை கொடுத்துவிட வேண்டும்.

டிஸ்ப்ளேயில் சூரியன், மேகம், மழை என்று படம் காட்டி நாளைய வானிலை சொல்லும். பெரும்பாலான கருவிகளில் இது அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் வைத்துப் போடும் படம். குளிர்நாடுகளில் இது ஓரளவு எடுபடும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். மாலை நான்கு, அதிகாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. மாலை நான்கு மணிக்கு மழைமேகப் படம் வந்தால் துணியை எடுக்க ஓட வேண்டாம். நேற்று இதே நேரம் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடுங்கள். புயல் நெருங்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தையும் மீறி மணிக்கு மணி இறங்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது கவனிக்க வேண்டிய அளவு.

கடையில் கேட்க வேண்டியவை

ரேடியோ தூரம் நூறு மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது வெட்டவெளிக் கணக்கு. இரண்டு சுவரும் ஒரு தென்னந்தோப்பும் நடுவில் இருந்தால் பாதிகூட வராது. தோட்டத்தில் வீடு இல்லை என்றால் சிம் போடுகிற நிலையம்தான் வழி. அதற்கு வருடச் சந்தா எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள். அலைவரிசையையும் கேளுங்கள். 915 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்காவுக்காகச் செய்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருகிற கருவியில் இதுதான் பிரச்சினை. இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கியது அதுவல்ல. பிறகு கூடுதல் சென்சார் வாங்கினாலும் அலைவரிசை பொருந்தாவிட்டால் பேசாது.

அளவுகள் யாரிடம் சேருகின்றன என்பதும் முக்கியம். கம்பெனியின் சர்வரில் மட்டும் சேர்ந்து, அவர்கள் கடையை மூடினால் உங்கள் ஐந்து வருட மழையும் போய்விடும். டிஸ்ப்ளேயிலோ மெமரி கார்டிலோ சேமித்து, எக்ஸெல்லில் திறக்கும்படி எடுக்க முடிய வேண்டும். மின்சாரம் போனால் டிஸ்ப்ளே பேட்டரியில் ஓடுமா? காற்றுக் கிண்ணம், பேட்டரி மூடி போன்றவை தனியாகக் கிடைக்குமா? கம்பி உள்ள சென்சார் என்றால் எலி கடிக்காதபடி குழாய்க்குள் விட முடியுமா? பிராண்ட் பெயரைவிட எனக்கு இந்தப் பதில்கள் முக்கியம்.

ஒன்றும் வாங்காமலே தொடங்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வட்டாரங்களில் தானியங்கி நிலையங்கள் வைத்திருக்கிறது. வானிலை ஆய்வுத் துறையோடு சேர்ந்து செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கை 2019-இல் வந்த மேகதூத் ஆப்பில் தமிழிலேயே கிடைக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மழையைப் போல ஊருக்கு ஊர் துள்ளுவதில்லை. சமவெளியில் பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்தின் அளவே பல நாள் ஒத்துவரும். மழையை மட்டும் நீங்கள் அளந்து, மற்றதை அங்கிருந்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வருடம் அப்படி ஓட்டிவிட்டு, எந்த எண் இல்லாமல் தவித்தீர்கள் என்று பார்த்து அதற்கான சென்சாரை வாங்குங்கள்.

வாங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போன வருடம் புரட்டாசியில் நல்ல மழை பெய்த மறுநாள் என் தானியங்கி பூஜ்யம் காட்டியது; பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மழைமானியில் 31 மி.மீ. நின்றது. புனலைக் கழற்றினால், அடித்துளையை அடைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவில் மண்ணாலான குளவிக்கூடு. மேலே குளம் மாதிரி தண்ணீர் நின்றிருந்தது, கீழே வாளி உலர்ந்து கிடந்தது. அதிலிருந்து ஆவணிக் கடைசியிலும் பங்குனியிலும் புனலைக் கழற்றி, துளையை ஈர்க்குச்சியால் குத்தி, வாளியை ஈரத்துணியால் துடைத்து, கையால் நான்கு முறை சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.